கதவுகளை அளந்து திரிந்த வருடங்கள்

அந்தப் பெண்மணி போனில் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க வண்டியில ராம்ப் இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றேன்.

இல்லை. ராம்ப் எனும் சாய்தளத்தை அதுவரை மருத்துவமனை வாசலில் பார்த்ததோடு சரி. எங்களிடம் இருந்தது கூரை உயரமான ஒரு பழைய வேன், ஒரு ஆப், கம்பெனியை மூடிவிடலாமா வேண்டாமா என்று தினமும் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர். நானும் என் கல்லூரி நண்பனும் எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை விட்டுவிட்டு, ஒரே திசையில் ஆபீஸ் போகிறவர்களைச் சேர்த்து அழைத்துப்போகும் வண்டிச் சேவை ஒன்றைத் தொடங்கியிருந்தோம். கம்பெனிகளே கேப் அனுப்பும் ஊரில் எங்கள் வண்டியில் ஏற ஆள் இல்லை. அந்த போன் வந்தபோது ஒன்பது நாட்களாக ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. பொய் சொன்னதற்கு வேறு காரணம் கிடையாது.

"திங்கக்கிழமை காலைல ஏழரைக்குத் தொம்மலூர் வரணும். எலெக்ட்ரானிக் சிட்டி போகணும். நான் வீல்சேர்ல இருப்பேன், சேரோடயே ஏறுவேன். என்னை யாரும் தூக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலை வேனை ஓட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுனில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் வேனின் பின்கதவைத் திறந்து, தரையிலிருந்து உயரம் பார்த்துவிட்டு, "இன்னா ஏறணும் சார்? ஆளா, சாமானா?" என்று கேட்டார்.

"ஆள். வீல்சேர்ல."

"அப்போ ரெண்டு பக்கமும் ஓரம் வெச்சித் தரேன். சாமான் வுழுந்தா எடுத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாக மடங்கும் இரும்புப் பலகை தயாராகிவிட்டது. பெயிண்ட் காயவில்லை. நான் நான்கு முறை அதன் மேல் ஏறி இறங்கிப் பார்த்தேன். நண்பன் ஒரு முறை குதித்துப் பார்த்தான். தாங்கியது.

தொம்மலூரில் அவருடைய வீடு பழைய ஊருக்குள், வேன் திரும்ப முடியாத ஒரு சந்தில் இருந்தது. பின்பக்கமாகவே உள்ளே போனேன். அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். சிறுவயதில் போலியோ. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருபது வருட வேலை. பல வருடம் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய் வந்திருக்கிறார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அதை விடமாட்டார்கள் என்பதால் கீழே லாரிகளுக்கு நடுவில். தோள்பட்டை போன பிறகு அதையும் விட்டுவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் ராம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல ஏறிப் பாத்தீங்களா?"

"ஏறினேன் மேடம். நாலு தடவை."

"நடந்தா?"

"ஆமா."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, அந்த பிளாஸ்டிக் சேரைக் கொண்டா" என்றார். அவருடைய அம்மா கொண்டுவந்து போட்டதும், இரண்டு கைகளையும் ஊன்றி அதற்கு மாறி உட்கார்ந்தார். வீல்சேரைக் காட்டி, "உக்காந்து ஏறுங்க" என்றார்.

சந்தில் பால் வாங்கப் போனவர்கள், பள்ளிக்கூட வேனுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினேன். பாதி தூரம்கூட ஏறவில்லை. கை வழுக்கியது. நாற்காலி பின்னால் உருண்டது. தலை பின்பக்கமாகச் சாய்ந்தது. அவருடைய அம்மாதான் ஓடிவந்து பிடித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுதா? பின்னாடி இருந்து ஒருத்தர் தள்ளணும். எங்க பிடிக்கணும், எப்போ சாய்க்கணும்னு நான் சொல்றேன். சொன்னப்புறம் தொடுங்க. சொல்லாம தொடாதீங்க."

அன்று அவர் ஆபீசுக்கு நாற்பது நிமிடம் தாமதம். இறங்கும்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு ஏழு மணிக்கே வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படித்தான் எங்களுக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்தார்.

அடுத்த இரண்டு வருடம், வேலை நாட்களில் அநேகமாக எல்லாக் காலையிலும் அவரை அழைத்துப் போனது நான்தான். வேறு டிரைவர் இல்லை. அந்த வேனுக்குள் வீல்சேரில் உட்கார்ந்தால் கண் ஜன்னலுக்கு மேலே போய்விடும். எதிரே வருவது எதுவும் தெரியாது. ஹம்ப் எனும் வேகத்தடை மீது வண்டி ஏறினால் அவருக்கு அது திடீரென்று முதுகில் விழும் அடி. அதனால் ஒவ்வொரு ஹம்புக்கும் முன்னால் "ஹம்ப் வருது" என்று சொல்லப் பழகினேன். தொம்மலூரிலிருந்து மேம்பாலம் ஏறும்வரை எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போகும்போதும் "ஹம்ப் வருது" என்பேன். "எனக்கும் கண்ணு இருக்கு" என்பாள் அவள்.

அவருடைய ஆபீசில் லிஃப்ட் இருக்கும் பேஸ்மென்ட்டுக்குள் வெளி வண்டிக்கு அனுமதி இல்லை. செக்யூரிட்டிக்காரரிடம் தினமும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் இறங்கிப் போய்க் கெஞ்சினேன். பிறகு மேடமே வண்டிக்குள்ளிருந்து, "தினா இதே கதேனா அண்ணா?" என்று கன்னடத்தில் சத்தம் போடுவார். தினமும் இதே கதையா என்றதும் அந்த மனிதர் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார். மறுநாள் மறுபடியும் மறிப்பார்.

என் மனைவி எனக்கு ஃப்ளாஸ்க்கில் காபி கொடுத்து அனுப்புவாள். கிளம்பும்போது மேடத்துக்கும் ஒரு கப் நீட்டுவேன். "வேண்டாம்" என்பார். தண்ணீர் நீட்டினாலும் அதே பதில். என் கையிலிருந்து வாங்கிக் குடிக்க விருப்பமில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் மனதுக்குள் கோபமாகவும் இருந்தேன். ஒரு மழை நாளில் சில்க் போர்டு பக்கம் இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. எனக்கே தொண்டை காய்ந்தது. பாட்டிலை நீட்டினேன்.

"வேண்டாங்க."

"ஏன் மேடம், எப்பவும் வேண்டாம்னே சொல்றீங்க?"

என் கையிலிருந்த பாட்டிலை மெல்லத் தள்ளினார். பிறகு சொன்னார். "காலைல நான் எதுவும் குடிக்கமாட்டேன். எங்க ஃப்ளோர்ல டாய்லெட் கதவுல சேர் நுழையாது. நுழையற மாதிரி ஒண்ணு கீழ இருக்கு. அதுல துடைப்பம், வாளியெல்லாம் வெச்சுப் பூட்டியிருப்பாங்க. சாவி வெச்சிருக்கற அம்மா பதினொரு மணிக்குத்தான் வருவாங்க."

"இத்தனை வருஷமாவா?"

"அதுக்கு முன்னாடி இருந்த ஆபீஸ்ல அதுவும் கிடையாது."

திரும்பி வந்து நண்பனிடம் சொன்னேன். அவன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "மச்சி, கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்ம வண்டிக்கும் டாய்லெட் சாவிக்கும் என்னடா சம்பந்தம்?" என்றான்.

அதே வருடம் மேடத்தின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சாயங்காலம் ரிசப்ஷன். "மண்டபத்துல லிஃப்ட் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். மண்டப மேனேஜருக்கு போன் செய்தேன். "இதே சார், லிஃப்ட் இதே" என்றார் அவர் கன்னடத்தில், உற்சாகமாக. இருக்கிறதாம். மேடத்திடம் அப்படியே சொன்னேன்.

பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்து, மடியில் பரிசுப் பெட்டியோடு வந்தார். அந்த அலங்காரத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மாவும் கூட வந்தார். மண்டபத்தில் லிஃப்ட் இருந்தது, மேனேஜர் சொன்னது பொய் இல்லை. வாசலில் ஐந்து படி ஏறினால் லிஃப்ட். மேடையும் பந்தியும் முதல் மாடியில்.

நான் என் ராம்பை எடுத்துவந்து படிகள் மேல் வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை. அதற்குள் உறவினர்கள் கூடிவிட்டார்கள். "நாலு பேரு பிடிச்சா தூக்கிடலாம்மா" என்றார் ஒரு மாமா. "வேண்டாம் மாமா" என்றார் அவர். "அட, நம்ம பொண்ணு, இதுல என்ன?" என்று இன்னொருவர் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தார். அவர் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டி வெளுத்தது. "வேண்டாம்னு சொல்றேன் இல்ல?" என்ற அவர் குரலில் கூட்டம் கலைந்தது. முகம் சுளித்துக்கொண்டும் சிலர் போனார்கள்.

அவருடைய அம்மா பரிசுப் பெட்டியோடு மேலே போனார். அரைமணி நேரம் மேடம் சீரியல் விளக்குகளுக்குக் கீழே, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்து வணக்கம் சொல்லிக்கொண்டு இருந்தார். வரவேற்பில் நிற்கிறவர் என்று நினைத்து ஒரு குடும்பம் அவரிடமே சர்க்கரையும் ரோஜாவும் எங்கே என்று கேட்டது. அம்மா இறங்கி வந்ததும் "போலாம்" என்றார். சாப்பிடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஹம்ப் வருது என்று நான் சொல்வது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் இறக்கிவிட்டு ராம்பை மடக்கும்போது அவர் கேட்டார்.

"லிஃப்ட் இருக்குன்னு பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"இனிமே பாருங்க."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ஒரு அளவு டேப் வாங்கினேன். அதன் பிறகு யார் எந்த இடத்துக்கு வண்டி கேட்டாலும் முந்தைய நாளே நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் எத்தனை படி, லிஃப்டுக்கு முன்னால் படி உண்டா, கதவு எத்தனை அங்குலம், எந்த டாய்லெட்டில் சேர் நுழையும், அது பூட்டியிருந்தால் சாவி யாரிடம், அவர் எத்தனை மணிக்கு வருவார். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மருத்துவமனைகள், சினிமா தியேட்டர்கள், பாஸ்போர்ட் ஆபீஸ், பல் டாக்டர்களின் மாடி கிளினிக்குகள். ஒரு நகைக்கடையில் நான் குனிந்து கதவை அளப்பதைப் பார்த்து, கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன்.

எங்கள் கம்பெனி பிழைத்தது அந்த நோட்டால்தான். வண்டி எல்லோரிடமும் கிடைக்கும். போய் இறங்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல ஊரில் ஆள் இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார், பிசியோதெரபி சென்டரில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னார். நண்பன் அந்த நோட்டை ஆப்புக்குள் ஏற்றினான். டாய்லெட் சாவிக்கு என்று அதில் தனி இடம் வைத்தான்.

அந்த நாட்களில் வந்தவர்தான் ஓய்வுபெற்ற அதிகாரி. இரண்டு தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மாநில அரசு வேலையில் இருந்த தமிழ்க் குடும்பம். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, வலித்தாலும் சரி. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போய், எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் நாள் வண்டியைப் பார்த்ததும் அவர் உரக்க "சரி!" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மனைவிதான் விளக்கினார்.

"தம்பி, வண்டி மேல அந்தப் படம் போட்டிருக்கே, வீல்சேர் படம். அது இருந்தா ஏறமாட்டார்ப்பா. தெருவுல எல்லாரும் பார்ப்பாங்கன்னு."

நண்பன் ஆசையாக வரைந்த ஸ்டிக்கர் அது. அன்று மதியம் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தேன். "நம்ம விளம்பரமே அதுதானேடா" என்று அவன் இரண்டு நாள் பேசவில்லை. அதிகாரி அதன் பிறகு வேறொரு சரி சொல்லி ஏறினார்.

அவருடைய மனைவி, அந்த அம்மா, என்னை எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார். மாத்திரை வாங்க, பல்ப் மாற்ற, மகன் வெளிநாட்டிலிருந்து பேசும்போது போனில் முகம் தெரியவில்லை என்று. போனேன். முடியாது என்று சொல்லத் தெரியவில்லை என்பது ஒரு பக்கம். போகப் போகத்தான் அவர்களுக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரிந்தது என்பது இன்னொரு பக்கம். பிசியோதெரபி முடிந்து திரும்பும் வழியில் பதினைந்து நிமிடம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினால் அதிகாரியின் முகம் தெளியும் என்பதை எந்த ஆப்பில் யார் எழுதியிருப்பார்கள்?

முதுகு போனது மூன்றாவது வருடம். ஒருநாள் காலையில் ராம்பைத் தூக்கக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. டாக்டர், "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். "கம்பெனி நடத்தறேன்" என்றேன். "உக்காந்தே இருக்கற வேலையா? எழுந்து கொஞ்சம் நடங்க" என்று அறிவுரை சொன்னார். விளக்கம் சொல்லத் தெம்பு இல்லாமல் தலையாட்டினேன்.

டிரைவர்களை வேலைக்கு எடுத்தோம். ஒவ்வொருவரையும் முதல் நாள் வீல்சேரில் உட்காரவைத்து ராம்பில் ஏறச் சொன்னேன். முதலீடு செய்ய ஒருவர் வந்தார். நல்ல மனிதர். எங்களோடு ஒரு நாள் முழுக்க வண்டியில் வந்தார். கடைசியில், "நீங்களே ஓட்டிக்கிட்டு, நீங்களே கதவு அளந்துக்கிட்டு இருந்தா இது எப்படி வளரும்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் என்ன தவறு என்று நான் பலநாள் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. வண்டி ஆறாயிற்று, பிறகு அதற்கும் மேல். போன் எடுக்க ஆள், கதவு அளக்க ஆள். நான் காலையிலிருந்து மாலைவரை ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, வராத டிரைவருக்குப் பதில் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டிய நாட்களில் உடம்பு வலிக்கும், படுத்தால் தூக்கம் வரும். இந்த அலுப்பு அப்படி இல்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஒருநாள் தொம்மலூர் மேடம் போனில், "உங்க ஆபீஸை ஒரு நாள் வந்து பாக்கணும்" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் இருமிக்கொண்டே பேச்சை மாற்றினேன். ஊர்க் கதவையெல்லாம் அளந்தவன் என் வாசலை அளக்கவில்லை. அடுத்த மாதம் தரைத்தளத்துக்கு மாறினோம். அவர் வரவே இல்லை.

அதிகாரி இறந்த அன்று காலை அந்த அம்மா என் சொந்த நம்பருக்கே கூப்பிட்டார். "தம்பி, இனிமே வண்டி வேண்டாம்ப்பா" என்றார். எனக்குப் புரிந்தது. "இதோ வரேம்மா" என்றேன். வைத்த உடனே இன்னொரு போன். டயாலிசிசுக்குப் போக வேண்டிய ஒருவருக்கு டிரைவர் வரவில்லை. நானே எடுத்துப் போனேன். அவரை இறக்கிவிட்டு, முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் போகலாம் என்றிருந்தேன். மறுநாளும் ஏதோ ஒன்று. பிறகு எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிட்டது.

சில வாரம் கழித்து போன் எடுக்கும் பெண் என்னிடம் வந்து, "சார், ஒரு அம்மா பேசறாங்க. கம்ப்ளெய்ன்ட் மாதிரியும் இல்ல. என்ன சொல்றாங்கன்னே புரியல" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"யாருப்பா, நீயா?" என்றார் அந்த அம்மா. "இல்ல, அவர் போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு. 'உங்களைக் கொஞ்ச நாளாகக் காணோமே, நலமா? மீண்டும் வாருங்கள்'னு. கீழ உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு. அதான், யாரு அனுப்பிச்சதுன்னு கேக்கலாம்னு."

நீண்ட நாள் வண்டி எடுக்காதவர்களுக்குத் தானாகவே போகும் மெசேஜ். நண்பன் எழுதியது, நானும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது. போனை வைத்துவிட்டு அப்படியே எழுந்து போனேன்.

கதவைத் திறந்தவர் இளைத்திருந்தார். ஹாலில் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. நான் நின்றுகொண்டே, "அம்மா, அது மெஷின் அனுப்பினது. தப்பு எங்க மேலதான். மன்னிச்சுடுங்க" என்று தொடங்கினேன்.

"அது மெஷின்னு எனக்குத் தெரியாதாப்பா? உக்காரு."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு வரேன்னியே. உன்னை எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன். அவரை வாசல் படி இறக்கும்போது ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடிச்சாங்க. எங்க பிடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியல. நீ இருந்தா சொல்லியிருப்பே."

அழுதிருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். அழுகை வரவில்லை. மிகவும் சோர்வாக இருந்தது. அந்தச் சோபாவிலேயே சாய்ந்துவிடத் தோன்றியது. அவரே பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டு, வேண்டாம் என்றதையும் கேட்காமல், இரண்டு தோசை வார்த்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த மெசேஜை அன்றே நிறுத்தினோம். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. பண்டிகைக்குப் போய்ப் பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறார். பல்ப் மாற்றக் கூப்பிடுவதில்லை.

போன வருடம் ஒருநாள் தொம்மலூர் மேடத்திடமிருந்து போன். "இந்த மாசத்தோட எனக்கு வண்டி வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டிரைவர் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டாரா மேடம்?"

"அய்யோ, அதெல்லாம் இல்லை. கார் வாங்கிட்டேன். கையாலயே ஓட்டற மாதிரி மாத்தி, லைசென்சும் வாங்கியாச்சு. ஆறு மாசம் அலைஞ்சேன்."

"சொல்லவே இல்லையே மேடம்."

"கிடைக்குமான்னு தெரியாம எதுக்குச் சொல்றது? கேளுங்க, திங்கக்கிழமை முதல் தடவையா ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன். பக்கத்துல ஒருத்தர் இருந்தாதான் அம்மா விடுவாங்களாம். அண்ணனைக் கூப்பிட்டா ஸ்டியரிங்ல கை வெச்சுக்கிட்டே வருவான். நீங்க வாங்க."

போனேன். அவர் கைகளை ஊன்றி டிரைவர் இருக்கைக்கு மாறினார். வீல்சேரின் சக்கரங்களைத் தானே கழற்றிப் பின்சீட்டில் போட்டார். நாற்காலியின் சட்டத்தை மட்டும் என்னைப் பார்த்து, "இதை எடுத்து வைங்க" என்றார். எடுத்து வைத்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் பிரேக், இழுத்தால் வேகம். சந்திலிருந்து அவர் காரை வெளியே எடுத்த விதத்தில், அவர் பலநாள் யாருக்கும் தெரியாமல் பழகியிருக்கிறார் என்று புரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் என் வாய் தானாக, "ஹம்ப் வருது" என்றது.

"தெரியுது" என்றார் அவர். முதல் முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

சில்க் போர்டில் வழக்கமான நெரிசல். பிறகு மேம்பாலம். டோல் தாண்டியது வரை ஞாபகம் இருக்கிறது. ஏழெட்டு வருடமாக அந்தச் சாலையில் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் சும்மா உட்கார்ந்து போனதில்லை. ஏசி காற்று முகத்தில் பட்டது. பக்கத்தில் ஒருவர் நிதானமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

"எழுந்திருங்க. வந்தாச்சு."

கண்ணைத் திறந்தால் பேஸ்மென்ட். செக்யூரிட்டிக்காரர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்து இருபது நிமிஷம் ஆச்சு" என்றார் மேடம். "எழுப்ப மனசு வரல. இப்போ மீட்டிங், அதான்."

வெட்கமாக இருந்தது. பாதுகாப்புக்கு என்று வந்தவன் தூங்கி வழிந்திருக்கிறேன். "சாரி மேடம்" என்றேன்.

"நல்லா குறட்டை விட்டீங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கங்க" என்றார். சட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். சக்கரங்களைத் தானே மாட்டி, நாற்காலிக்கு மாறி, பையை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கிப் போனார். சாயங்காலம் எப்படித் திரும்புவார் என்று ஒரு கணம் யோசித்தேன். அதை யோசிக்க இனி நான் தேவையில்லை என்பது அதற்கடுத்த கணம்தான் உறைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏதோ வலிக்கவும் செய்தது.

பேஸ்மென்ட்டிலிருந்து நடந்து மேலே வந்து பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காலையில் என் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த தொம்மலூர் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். கண்ணை மூடிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.